காசு இல்லாததால் மட்டும் இல்லை

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எங்கள் படத்தைப் போட்டார்கள். படம் முடிந்து விளக்கு போட்டதும் பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், இந்தப் படத்துக்கு ஏன் ஏழு வருஷம் ஆச்சு? காசு இல்லாமலா?" என்று கேட்டான். "ஆமாம் தம்பி, காசு இல்லாமல்தான்" என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மைக் அடுத்த ஆளிடம் போய்விட்டது. அன்று ராத்திரி மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ரோட்டில் பஸ் ஏற ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையில் பாதியைக் கூடச் சொல்லவில்லை. அந்தப் பையன் சும்மா கேட்கவில்லை, அவனுக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை இருப்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. காசு கிடைத்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டு போயிருப்பான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், சின்னப் படம் எடுத்த எல்லோருக்கும் அது தெரிந்ததுதான். மொத்தம் 31 லட்சம் ஆனது. என் சேமிப்பு, அப்பா கொடுத்தது, இரண்டு நண்பர்கள், பாதியில் தள்ளி எடுத்த ஒரு சீட்டு, மனைவியின் நகை. 18 நாளில் முடிக்கத் திட்டம் போட்டு 29 நாள் ஆனது. கேமரா பார்த்தவனும் சவுண்ட் பார்த்தவனும் முதல் 18 நாளைக்கு மட்டும் சம்பளம் வாங்கினார்கள். மீதிக்கு இன்னும் நான் பாக்கி. இதெல்லாம் கஷ்டம்தான். ஆனால் இதற்கெல்லாம் சேர்த்து ஒன்றரை வருஷம்தான் கணக்கு வருகிறது. மீதி ஐந்தரை வருஷம் எங்கே போனது என்பதுதான் விஷயம்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை ஒரு வரியில் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கொழுந்து பறித்த ஒரு பாட்டி ஓய்வு பெறுகிறாள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லைன் வீடும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடும், போக வேண்டும். காலி செய்வதற்கு முந்தைய பத்து நாள், அவளும் பத்து வயதுப் பேத்தியும். அவ்வளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழர்கள், நீலகிரியில் நாங்கள் சாதாரணமாக 'சிலோன்காரங்க' என்று சொல்லிப் பழகிய மக்கள் இவர்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1968-ல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியதே அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்கள் வீட்டுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. படம் எடுக்கும் ஆசையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆச்சி பேசிய நாள்

பாட்டியாக நடித்தவர் நடிகை இல்லை. அந்த லைனிலேயே இருந்தவர். எல்லோரும் ஆச்சி என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். 1971-ல் 22 வயதில், கையில் ஒரு குழந்தையோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். நாங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தைக் கேட்டுவிட்டு, "இப்பிடி யாரும் கதைக்க மாட்டாங்க தம்பி" என்று சொல்லி அவரே மாற்றிக்கொள்வார். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதை மஸ்டர் என்று எழுதியிருந்தால் பெரட்டு என்பார். சீக்கிரம் என்பதற்குச் சுருக்கா என்பார். இரண்டாம் நாளே வசனப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

2018 ஏப்ரல். பள்ளி விடுமுறை என்பதால் பேத்தியாக நடித்த பிள்ளைக்கு வசதி என்று அந்த மாதத்தை வைத்திருந்தோம். பாட்டி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பேத்திக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் காட்சி. பெட்டி ஆச்சியுடையதே. அதில் கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் வாங்கிய பழைய பாஸ்போர்ட் இருந்தது. அட்டையின் ஓரம் கரையான் தின்று ரம்பப் பல் மாதிரி இருக்கும். உள்ளே 22 வயது ஆச்சி, நெற்றியில் பெரிய பொட்டு, மடியில் குழந்தையின் தலை பாதி தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய லைட்டை நிறுத்தி, மஞ்சள் வெயில் உள்ளே விழுகிற மாதிரி அமைத்திருந்தோம். ஆச்சி பாஸ்போர்ட்டைத் திறந்தார். நாங்கள் சொல்லிக் கொடுத்த இரண்டு வரியைச் சொன்னார். அப்புறம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார்.

கப்பலில் குழந்தைக்குப் பால் கேட்டது, இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்க வைத்த மண்டபம் முகாமில் வரிசையில் நின்றது, கூட வந்த அக்காளை வேறு மாவட்டத்துக்கு எழுதி அனுப்பிவிட்டது, அந்த அக்காளை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தது. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வெளியே கோடை மழை பிடித்தது. தகரக் கூரை. முதலில் அரிசி கொட்டுகிற மாதிரி, அப்புறம் ஒரேயடியாக. சவுண்ட் பார்த்த நண்பன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கழுத்துக்குக் குறுக்கே கையை ஓட்டிக் காட்டினான். நிறுத்து என்கிறான். நான் நிறுத்தவில்லை. ஆச்சியும் நிறுத்தவில்லை, கூரைச் சத்தம் ஏற ஏற அவர் குரலும் ஏறியது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை தன் பாட்டியிடம் கதை கேட்பது போலவே வாயைத் திறந்துகொண்டு கேட்டது. நாலு நிமிஷம் பத்து விநாடி.

மறுநாள் அதையே திரும்ப எடுத்தோம். ஆச்சி சொன்னார், ஒரு வரி விடாமல் சொன்னார். ஆனால் பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. முடித்துவிட்டு, "நேத்தே சொல்லிட்டேனே தம்பி" என்றார். பரவாயில்லை, அப்புறம் நிதானமாக டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தமிழ் சினிமாவில் இது எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அந்த செப்டம்பரில் ஆச்சி இறந்துபோனார். நாங்கள் இரண்டாவது ஷெட்யூலுக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்தோம்.

மழையை எடுக்கப் பார்த்தோம்

2019 பிப்ரவரியில் மீதிப் படத்தை முடித்தோம். பிள்ளை இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது, புதிதாக ஒரு பல் முளைத்திருந்தது. அதற்கெல்லாம் வழி இருந்தது, உட்கார வைத்து எடுத்தோம், பக்கவாட்டில் எடுத்தோம். ஆச்சி இல்லாத காட்சிகளாகக் கதையைக் கொஞ்சம் திருப்பினோம். தீராமல் நின்றது அந்த ஒரு காட்சிதான். படத்தில் பார்த்தால் ஜன்னலில் பளிச்சென்று வெயில். காதில் கேட்டால் அடைமழை. பார்க்கிற யாருக்கும் ஏதோ தப்பாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் மழையை மட்டும் நீக்கிப் பார்த்தோம். கம்ப்யூட்டர் திரையில் குரல் கோடு கோடாகவும் மழை மூட்டமாகவும் தெரியும், மழையைத் தேய்த்துத் தேய்த்து எடுப்பார்கள். கொஞ்சம் எடுத்தால் மழை போகவில்லை, நிறைய எடுத்தால் ஆச்சி கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டார். மூன்று மாதம் வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் சகரமும் ஷகரமும் கரைந்து போயின. 'சுருக்கா' என்பது 'உருக்கா' என்று கேட்டது.

2019 கடைசியில் ஒரு தயாரிப்பாளர் கிடைத்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், படத்தை உண்மையாகவே பிடித்துப் பேசினார். 15 லட்சம் போடுவதாகவும், மிக்ஸிங், சென்சார், ரிலீஸ் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒரே ஒரு விஷயம். அனுபவமுள்ள டப்பிங் கலைஞர் ஒருவரை வைத்து ஆச்சிக்குக் குரல் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் புரிகிற தமிழில். அந்தக் கலைஞரை வைத்து ஒரு மாதிரியும் பதிவு செய்து அனுப்பினார்கள். அந்த அம்மா அருமையாகப் பேசியிருந்தார், அழ வேண்டிய இடத்தில் அழுதிருந்தார். நான் பதினைந்து நாள் அவகாசம் கேட்டேன். அந்தப் பதினைந்து நாளில் சம்மதம் என்றுதான் தொண்ணூறு சதவீதம் முடிவு செய்திருந்தேன், அதை மறைக்கப் போவதில்லை. நகை அடகில் இருந்தது.

அப்பாவின் காது

என் அப்பா ஊட்டி இந்துநகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை செய்தவர். 1960-ல் ஆரம்பித்து 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். தூசி இல்லாத காற்று, குளிர், தண்ணீர் என்று பார்த்து இந்த மலையில் கொண்டுவந்து வைத்தார்கள். கறுப்பு வெள்ளை சினிமா ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து போனது. ஊட்டியில் ஹீரோ ஹீரோயின் ஆடுவதைப் பார்க்க ஊரே பொட்டானிக்கல் கார்டனில் கூடும், அப்பா அந்தப் பக்கமே போனதில்லை. ஃபிலிமுக்கு ரசாயனம் பூசுகிற பகுதியில் வேலை. துளி வெளிச்சம் பட்டால் அவ்வளவும் வீண், அதனால் முழு இருட்டிலேயே எட்டு மணி நேரம். கால் சத்தத்தில் ஆளைத் தெரிந்துகொள்வார்கள், மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். இப்போதும் வீட்டில் ஃபேன் பேரிங் தேய்வது எங்களுக்கு முன்னால் அவருக்குத்தான் கேட்கும்.

அவரிடம் மூன்றையும் போட்டுக் காட்டினேன். மழையோடு இருக்கிற மூலப் பதிவு, மழையை நீக்கியது, டப்பிங் அம்மா பேசியது. படத்தைக் காட்டவில்லை, ஹெட்போனை மட்டும் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலாவதை இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தம்மா மழைக்கு மேல பேசறாங்கப்பா. நீ மழையை எடுத்துட்டா எதுக்குக் கத்தறாங்கன்னு தெரியாது."

எட்டு மாதமாக நாங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. மழையைக் குரலின் மேல் படிந்த அழுக்காகவே பார்த்துக்கொண்டிருந்தோம், தேய்த்து எடுத்தால் அடியில் சுத்தமான குரல் இருக்கும் என்று நம்பினோம். அப்படி ஒரு குரல் அங்கே இல்லவே இல்லை. அக்காளை வேறு மாவட்டத்துக்கு எழுதியதைச் சொல்லும் இடத்தில்தான் கூரை மேல் சத்தம் உச்சத்தில் இருக்கிறது. அந்த வரியை ஆச்சி அழுது சொல்லவில்லை, எதிரே இருக்கிற பிள்ளைக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொல்கிறார். அதுதான் அந்தக் காட்சி. தயாரிப்பாளருக்கு அன்று ராத்திரியே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மனைவியிடம் மறுநாள் காலைதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த ஜன்னலுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

அதுதான் கேள்வி. மழையை நீக்க முடியாது என்றால் மழையைக் காட்ட வேண்டும். ஆனால் ஜன்னலில் வெயில் அடிக்கிறதே. எடிட்டர்தான் வழி சொன்னான். "வெயில் அடிக்கும்போதே மழை பெஞ்சா? காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்னு சொல்வோமில்ல, அது மாதிரி ஒரு ஷாட் கிடைச்சாப் போதும்." அதே ஜன்னல், வெளியே வெயில், வெயிலுக்குள் மழை. பத்து விநாடி போதும். ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் கோத்தகிரிப் பக்கம் அப்படிப் பெய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

காத்திருந்தது

2020 ஏப்ரலுக்குத் திட்டம் போட்டோம். மார்ச் 25 அன்று நாடே மூடியது. மலைக்கு யாரும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. 2021 ஏப்ரல் முதல் வாரம் போனோம். ஜன்னலைத் திறந்தால் எதிரே இருந்த தேயிலை மலை முழுக்கக் கவாத்து வெட்டியிருந்தார்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது தோட்டத்து வழக்கம். பச்சைக் கம்பளமாக இருந்த இடத்தில் சாம்பல் நிறக் குச்சிகள். துளிர் விட்டுக் கொழுந்து எடுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், பழைய மாதிரி மூடி நிற்க அதற்கு மேலும் ஆகும். கேமராக்காரன் ஜன்னலைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அடுத்த மாதம் இரண்டாம் அலை. அந்த வருஷமும் போனது.

2022 மே மாதம் மூன்று பேர் மட்டும் போனோம். ஆச்சியின் மகள் இப்போது அதே வீட்டில் இருக்கிறார், அவரும் தோட்டத்தில்தான் வேலை. ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "ஐயோ, கேட்டுட்டு அடிச்சிருக்கலாமேண்ணே" என்று வருத்தப்பட்டார். சட்டம் தெரியாமல் எடுத்துக்கொள்கிறோம் என்று சமாதானம் சொன்னேன். பக்கத்து வீட்டில் தங்கினோம். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் கேமராவை ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிடுவோம். தினமும் மழை வந்தது. தினமும் வானத்தை முழுசாக இருட்டிக்கொண்டுதான் வந்தது. பதினோரு நாள் அப்படிப் போனது. மகள் வேலை முடிந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னிக்கும் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே எங்களுக்கும் சேர்த்து ரொட்டி தட்டுவார், தேங்காய்ச் சம்பலோடு.

பன்னிரண்டாம் நாள் மூன்று மணி நாற்பதுக்கு மேற்கே மேகம் கிழிந்தது. வெயில் சாய்வாகத் தேயிலை மேல் விழுந்தது, அடுத்த நிமிஷம் மழை. கூரை விளிம்பிலிருந்து விழுகிற ஒவ்வொரு சரமும் தனித்தனியாக மின்னியது. சூடான தகரத்தில் முதல் துளிகள் பட்டு ஆவி எழும்பியதுகூடப் பதிவாகியிருக்கிறது. கேமராக்காரன் மூச்சு விடாமல் நின்றான். லைனில் இருந்த பிள்ளைகளெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து, "காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்" என்று கத்தின. ஆறு நிமிஷம் பெய்தது. எங்களுக்குத் தேவை பத்து விநாடி, நாங்கள் ஆறு நிமிஷமும் எடுத்தோம். அந்தப் பிள்ளைகளின் கத்தலையும் எடுத்து ஆச்சி பேச ஆரம்பிக்கும் இடத்தில் தூரத்தில் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறோம், கூர்ந்து கேட்டால் கேட்கும்.

அதற்கப்புறம் நடந்தவை வழக்கமான வேலைகள். ஒரு ஷாட்டில் ஆடு வருவதால் விலங்குகள் நல வாரியத்துக்கு விண்ணப்பம், அந்த அலுவலகம் முன்பு சென்னையில் இருந்தது, 2018-ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. ஆச்சி வெற்றிலையோடு புகையிலை போடுவதால் அந்த இடத்தில் கீழே எச்சரிக்கை வாசகம். சென்சாருக்குப் போய் வந்தது. மிக்ஸிங் செய்தவருக்கு இன்னும் நாற்பதாயிரம் பாக்கி, இந்த வருஷம் கொடுத்துவிடுவேன். தியேட்டர் கிடைக்கவில்லை, கல்லூரிகளிலும் ஊர் மன்றங்களிலும் போடுகிறோம்.

2024 ஜூனில் லைனிலேயே போட்டோம். கோவையிலிருந்து ப்ரொஜெக்டர் ஏற்றி வந்த வேனுக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்து, பெரட்டுக்களத்தில் வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துக் கட்டினோம். ட்ரங்குப் பெட்டிக் காட்சி வந்தபோது யாரும் அழவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் ஆச்சி சொல்லச் சொல்ல, "ஆமா, ஆமா, அந்த வரிசைலதான் நாங்களும் நின்னோம்" என்று திரையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பேத்தியாக நடித்த பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது. தோழிகளோடு கடைசியில் நின்று பார்த்தது, தன் முகம் பெரிதாக வரும்போதெல்லாம் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டது.

கூட்டம் கலைந்ததும் ஆச்சியின் மகள் வந்தார். போனை நீட்டினார்.

"அண்ணே, அம்மா பேசற அந்த இடம் மட்டும் இதுல போட்டுத் தர முடியுமா?"

லேப்டாப்பைத் திறந்து அந்தக் காட்சியை வெட்டி அனுப்பப் பார்த்தேன். ஃபைல் பெரிதாக இருந்தது, அங்கே சிக்னலும் இல்லை. நாளைக்குக் கோத்தகிரி போய் அனுப்புகிறேன் என்றேன்.

"படம் இல்லாட்டிப் பரவால்லண்ணே, சத்தம் மட்டும் போதும். வேலைக்குப் போறப்ப கேக்கறதுக்கு."

மூலப் பதிவையே கேபிள் போட்டுப் போனில் ஏற்றிக் கொடுத்தேன். நாலு நிமிஷம் பத்து விநாடி, மழையோடு. அங்கேயே நின்று, போனைக் காதோடு வைத்து முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். நாங்கள் வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தோம்.